ஆர்லிங்டனில் ஒரு மாடம்

ஒரு பிடி சாம்பலை எங்கே வைப்பது என்னும் வினாவிற்கு விடை காண, ஒரு வல்லரசின் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இது புராணக் கதையன்று. 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. சாம்பலுக்கு உரியவர் எலேன் ஹார்மன் என்னும் மூதாட்டி. இரண்டாம் உலகப் போரின்போது படை விமானங்களை ஓட்டியவர். அவர் துயில விரும்பிய இடம், தலைநகர் வாஷிங்டனுக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில் அமைந்துள்ள ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டம். குறுக்கே நின்றது 'தகுதி' என்னும் ஒரு சொல்.

அரசு அலுவலகங்களில் வாழ்நாளைக் கழிப்போர்க்கு இச்சொல்லின் வலிமை நன்கு தெரியும். ஒருவர் பல்லாண்டுகள் உழைத்திருப்பார்; உடன் உழைத்தவர்கள் சாட்சி சொல்ல ஆயத்தமாக இருப்பார்கள்; ஆயினும் பணிப் பதிவேட்டில் உரிய இடத்தில் உரிய சொல் எழுதப்படாதிருந்தால் கோப்பு ஓரங்குலமும் நகராது. தற்காலிக ஊழியராகக் கழித்த ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கில் சேருமா சேராதா என்று வழக்காடியவர்கள் இம்மலரைப் படிப்போரிலும் சிலர் இருக்கக் கூடும். எனவே ஆர்லிங்டன் கதை நமக்கு அவ்வளவு அந்நியமானதன்று.

முதலில் அந்த நிலத்தின் கதையைச் சொல்லவேண்டும். ஏனெனில் அதுவும் ஒரு விதியின் கதையே. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் வளர்ப்புப் பேரரான கஸ்டிஸ் என்பாரின் பண்ணையாக அது இருந்தது. அவருடைய மகள் மேரியை மணந்தவர்தாம், பின்னாளில் உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் லீ. 1861-இல் போர் மூண்டதும் லீயின் குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது. வடபுலத்து அரசின் படைகள் பண்ணையைக் கைப்பற்றின. மறு ஆண்டில், கிளர்ச்சி நடக்கும் பகுதிகளில் உள்ள நிலங்களுக்கு வரி விதித்து ஒரு சட்டம் வந்தது. ஆர்லிங்டன் பண்ணைக்கு விதிக்கப்பட்ட வரி 92 டாலர் 7 சென்ட். திருமதி லீ முடக்குவாதத்தால் நடமாட இயலாதவர். போர்முனைக்கு அப்பால் இருந்தவர். வரிப் பணத்தை உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். உரிமையாளரே நேரில் வந்து கட்டினாலன்றிப் பெற்றுக்கொள்ள இயலாது என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டனர். வரி நிலுவைக்காக நிலம் ஏலத்திற்கு வந்தது. 1864 ஜனவரியில் 26,800 டாலருக்கு அரசே அதனை வாங்கிக்கொண்டது. வரியைக் கொணர்ந்தவரைத் திருப்பி அனுப்பிய அந்த அலுவலரைப் போன்றவர்களை உலகில் எந்த நாட்டு வரி அலுவலகத்திலும் காணலாம்!

அவ்வாண்டு மே மாதம் 13-ஆம் நாள் வில்லியம் கிறிஸ்ட்மன் என்னும் கடைநிலைச் சிப்பாய் அங்கே முதலாவதாகப் புதைக்கப்பட்டார். வீரச்செயல் புரிந்து களத்தில் மடிந்தவரல்லர் அவர். மருத்துவமனையில் நோயுற்று இறந்த ஏழை இளைஞர். தலைநகரின் மருத்துவமனைகளில் நாள்தோறும் இறந்தோரைப் புதைக்க நகரில் இடம் போதவில்லை. உடலைச் சொந்த ஊருக்கு எடுத்துச் செல்லும் வசதியுள்ள குடும்பங்கள் எடுத்துச் சென்றன. வசதியற்றோர் பிள்ளைகள் ஆர்லிங்டனுக்குப் போயினர். இன்று உலகத் தலைவர்கள் மலர்வளையம் வைத்து வணங்கும் அந்த இடம், தொடக்கத்தில் ஊருக்கு அனுப்பப் பணமில்லாதவர்களின் இடுகாடாகவே இருந்தது என்பதை மறத்தலாகாது. கறுப்பின வீரர்களுக்கு அங்கும் தனிப் பகுதிதான். 1948-இல் படைகளில் நிறவேற்றுமையை நீக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆணையிட்ட பின்னரே அந்நிலை மாறியது.

லீயின் மகன் வழக்குத் தொடுத்து, 1882-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். நிலம் அவருடையதே என்றாயிற்று. ஆனால் ஆயிரக்கணக்கான கல்லறைகள் எழுந்துவிட்ட நிலத்தை வைத்துக்கொண்டு அவர் என் செய்வார்? மறு ஆண்டு 1,50,000 டாலர் பெற்றுக்கொண்டு அரசுக்கே எழுதிக்கொடுத்துவிட்டார்.

அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் தகுதியைப் பற்றி எவரும் அதிகம் கவலைப்படவில்லை. நன்னடத்தைச் சான்றுடன் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட எவரும் அங்கே இடம் பெறலாம் என்ற நிலையே இருந்தது. 1963 நவம்பர் 25-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடியின் உடல் அங்கே அடக்கம் செய்யப்பட்டது. தொலைக்காட்சியில் உலகமே அதனைக் கண்டது. ஆர்லிங்டனில் இடம் வேண்டும் என்று விழைவோர் தொகை அதன்பின் பெருகிற்று, நிலமோ பெருகவில்லை. ஆகவே 1967-இல் தகுதி விதிகள் இறுக்கப்பட்டன. பணியிலிருக்கும்போது இறந்தோர், முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வூதியம் பெற்றோர், உயரிய வீரப் பதக்கங்கள் பெற்றோர் முதலியவர்களுக்கும் அவர்தம் துணைவர்க்கும் மட்டுமே மண்ணில் இடம் என்றாயிற்று. பிற்காலத்தில் இப்பட்டியல் சிறிது கூடியும் குறைந்தும் வந்துள்ளது.

நான்கைந்து ஆண்டுகள் படையில் இருந்துவிட்டுக் குடிமக்களாய்த் திரும்பிய பல இலட்சம் பேருக்கு என்ன வழி? அவர்களுக்காகவே 1980-இல் அஸ்திமாடம் திறக்கப்பட்டது. நம் பழைய வீடுகளின் சுவரில் விளக்கு வைப்பதற்கு ஒரு மாடம் இருக்குமன்றோ, அதைப்போன்ற சிறு அறைகளை வரிசை வரிசையாகக் கொண்ட நெடுஞ்சுவர்கள் அவை. ஒவ்வொரு மாடத்திலும் அஸ்திக் கலசத்தை வைத்து, பெயர் பொறித்த பளிங்குப் பலகையால் மூடிவிடுவர். பயிற்சிக்காக மட்டுமன்றி முழுநேரப் படைப்பணி ஆற்றி, நற்சான்றுடன் வெளிவந்த எவரும் இதற்குத் தகுதியுடையவர். மண்ணுக்கு ஒரு தகுதி, மாடத்திற்கு அதனினும் எளிய தகுதி என்று இரண்டு வாயில்கள் இவ்வாறு அமைந்தன. 2013-இல் திறந்த ஒன்பதாவது மாடத் தொகுதியில் மட்டும் இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட மாடங்கள் உள்ளன.

சாம்பலைச் சுவரில் வைத்துப் பேணுவது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். நம்மவர்க்கு அஸ்தி என்பது நீரில் கரைப்பதற்கு உரியது. இங்கே வடக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சிலர் அரித்துவாரத்திற்குச் செல்கின்றனர். சிலர் கலசத்தைத் துணியில் பொதிந்துகொண்டு இரண்டு இரவு இரயிலில் பயணம் செய்து இராமேசுவரம் சேர்கின்றனர். இந்தியப் படைவீரர் திறத்திலும் இவ்வழக்கமே பின்பற்றப்பட்டது. முதல் உலகப் போரில் காயமுற்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகர மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களுள் 53 பேர் ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்யப்பட்டனர். சாம்பல் கடலில் தூவப்பட்டது. எரித்த இடத்தில் சத்திரி என்னும் நினைவு மண்டபம் 1921-இல் எழுந்தது. சிங்கப்பூரின் கிராஞ்சி போர்க் கல்லறையில் உள்ள தகன நினைவுச் சின்னமும் அத்தகையதே. ஏறத்தாழ 800 பெயர்கள் அதற்கு உரியவை. பெரும்பாலோர் இந்தியப் படையினர். அங்கெல்லாம் நின்றது பெயர் மட்டுமே. அமெரிக்கரோ சாம்பலும் பெயரும் ஓரிடத்தில் இருக்கவேண்டும் என விரும்புவோர். ஆதலின் அவர்களுக்கு மாடம் என்பது கல்லறைக்கு இணையானது. அதனை மறுப்பது கல்லறையை மறுப்பது போன்றதே.

இனி ஹார்மன் அம்மையாரின் கதைக்கு வருவோம்.

1942 செப்டம்பரில், ஆண் விமானிகள் போர்முனைக்குத் தேவைப்பட்டமையால், உள்நாட்டில் விமானங்களைக் கொண்டுசெல்லும் பணிக்குப் பெண்களை அமர்த்தும் இரண்டு திட்டங்கள் தொடங்கின. ஒன்றுக்கு நான்சி லவ், மற்றொன்றுக்கு ஜாக்குலின் காக்ரன் என்போர் தலைமை தாங்கினர். 1943 ஆகஸ்டில் இரண்டும் இணைந்து 'வாஸ்ப்' என்னும் மகளிர் விமானிகள் அமைப்பாயிற்று. 25,000-க்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தனர். பயிற்சிக்குத் தேர்வானோர் 1,830 பேர். தேறியோர் 1,074 பேர். டெக்சாஸ் மாநிலத்தின் சுவீட்வாட்டர் என்னும் சிற்றூரின் விமானத் திடலில் அவர்கள் பயின்றனர். தொழிற்சாலையிலிருந்து புதிய விமானங்களைப் படைத்தளங்களுக்குக் கொண்டுசென்றனர். பழுது பார்த்த விமானங்களை முதலில் ஓட்டிச் சோதித்தனர். பீரங்கிப் பயிற்சிக்காகத் துணி இலக்கை விமானத்தின் பின்னே இழுத்துக்கொண்டு பறந்தனர். கீழிருந்து சுடுவோர் புதிதாகப் பயில்பவர்கள் என்பதையும், சுட்டவை மெய்யான குண்டுகள் என்பதையும் எண்ணிப் பார்த்தால் இப்பணி போர்முனைக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பது விளங்கும். மொத்தம் ஆறு கோடி மைல் பறந்தனர். பணியிலும் பயிற்சியிலும் 38 பேர் உயிரிழந்தனர்.

இவ்வளவுக்கும் அவர்கள் படையினர் அல்லர். ஏட்டின்படி குடிமைப் பணி ஊழியர்கள்! நம் வழக்கில் சொன்னால் சிவில் சர்வீஸ் சிப்பந்திகள். படைச் சீருடை, படைக் கட்டளை, படை விமானம் எல்லாம் உண்டு. படைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இல்லை. அதன் விளைவு, ஒருத்தி விமானம் விழுந்து இறந்தால்தான் தெரிந்தது. படை மரியாதை கிடையாது. பெட்டிமீது போர்த்த நாட்டுக்கொடி பெறும் உரிமை கிடையாது. உடலை ஊருக்கு அனுப்பும் செலவுக்குத் தோழியர் தம்முள் பணம் திரட்டிய நிகழ்ச்சிகளும் உண்டு. 1864-இல் ஆர்லிங்டனுக்குப் போன ஏழைச் சிப்பாய்க்கு அரசு ஒரு குழியாவது கொடுத்தது.

அவர்களைப் படையில் சேர்க்கும் மசோதா 1944 ஜூனில் கீழவையில் தோற்றது. அதற்குள் போரின் போக்கு மாறியிருந்தது. வேலையிழந்த ஆண் பயிற்றுநர்கள், தங்கள் இடத்தைப் பெண்கள் பறிக்கின்றனர் என்று முறையிட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 20-ஆம் நாள் அமைப்பு கலைக்கப்பட்டது. பெண்கள் தத்தம் செலவில் வீடு திரும்பினர்.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1976-இல் அமெரிக்க விமானப்படை, தன் விமானங்களை ஓட்டப் பெண்களைப் பயிற்றப்போவதாக அறிவித்தது. இதுவே முதன்முறை என்னும் பொருள்பட அச்செய்தி பரவியது. அதுவரை வாய்மூடியிருந்த மூத்த விமானிகள் வெகுண்டெழுந்தனர். போர்க்காலத்தில் தாமும் விமானங்களைக் கொண்டுசென்றவரான செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் அவர்களுக்குத் துணைநின்றார். ஹார்மன் அம்மையாரும் அன்று உரிமைக்காக வாதாடியோருள் ஒருவர். 1977 நவம்பர் 23-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அவர்தம் பணியைப் படைப்பணியாகவே கருதச் செய்தது.

இங்கேதான் ஒரு சிறு தொடரைக் கூர்ந்து நோக்க வேண்டும். அச்சட்டம் அவர்களை எல்லா நோக்கங்களுக்கும் படையினராக ஆக்கவில்லை. முன்னாள் படைவீரர் நிருவாகம் நடைமுறைப்படுத்தும் சட்டங்களின் பொருட்டு மட்டுமே ஆக்கியது. மருத்துவம், உதவித்தொகை, தேசியக் கல்லறைகளில் இடம் ஆகியவை எல்லாம் அந்த நிருவாகத்தின் கையில்தானே என்று அன்று எல்லோரும் நினைத்திருப்பர். ஆனால் 1973-இல் தேசியக் கல்லறைகளுள் 82-ஐத் தரைப்படையிடமிருந்து முன்னாள் படைவீரர் நிருவாகத்திற்கு மாற்றியபோது, இரண்டை மட்டும் தரைப்படை தன்னிடமே வைத்துக்கொண்டது. அவ்விரண்டில் ஒன்று ஆர்லிங்டன். ஆக, வாஸ்ப் விமானி ஒருவர் நாட்டின் ஏனைய தேசியக் கல்லறைகளில் முன்னாள் படைவீரராகத் துயிலலாம். ஆர்லிங்டனின் வாயிலை அடைந்தால் மீண்டும் குடிமைப் பணி ஊழியர்! ஒருவரே ஆற்றின் இக்கரையில் ஒருவராகவும் அக்கரையில் வேறொருவராகவும் ஆவது துறைப் பிரிவினையால் விளையும் மாயம்.

2002-இல் ஒரு விமானியின் குடும்பம் விடாமல் போராடியதன் பயனாகத் தரைப்படை இறங்கிவந்தது. வாஸ்ப் விமானிகளின் அஸ்தியைப் படை மரியாதையுடன் மாடத்தில் வைக்க இசைந்தது. 2010 மார்ச்சில் காங்கிரஸின் தங்கப் பதக்கமும் அவ்வமைப்புக்கு வழங்கப்பட்டது. எல்லாம் தீர்ந்தது என்றே எவரும் எண்ணுவர். ஆயின் 2015 மார்ச்சில், தரைப்படைத் துறையின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஜான் மெக்யூ, 2002-ஆம் ஆண்டு இசைவு சட்ட அடிப்படை இல்லாதது என்று கூறி அதனை நீக்கினார். மறு மாதமே ஹார்மன் அம்மையார் 95 வயதில் காலமானார். ஆர்லிங்டனில் இடம் வேண்டும் எனத் தம் கைப்பட எழுதிய குறிப்பைக் குடும்பத்தார் கண்டனர். விண்ணப்பித்தனர், மறுக்கப்பட்டது.

அந்த மறுப்புக் குறிப்பை வரைந்தவரை நான் குறை கூறமாட்டேன். சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்தால் அவர் சொன்னது பிழையன்று. இடப் பற்றாக்குறையும் பொய்யன்று. ஆனால் ஆயிரத்து எழுபத்து நால்வருள் மிகப் பெரும்பாலோர் மறைந்து, எஞ்சிய சிலரும் தொண்ணூறு வயதை ஒட்டி நின்ற காலத்தில், அவர்கள் கேட்டது சுவரில் ஒரு சிறு மாடம். பதின்மூன்று ஆண்டுகள் திறந்திருந்த கதவை அந்நேரத்தில் அடைக்க வேண்டியிருந்ததா? இசைவுக்குச் சட்ட அடிப்படை இல்லையென்றால், அடிப்படையைத் தருமாறு காங்கிரஸைக் கேட்டுக் குறிப்பு அனுப்பியிருக்கலாம். கோப்பில் அதற்கும் இடமுண்டு என்பது அலுவலகம் அறிந்தோர்க்குத் தெரியும்.

அக்குறிப்பை எழுதும் வேலையைக் குடும்பத்தாரே செய்தனர். அம்மையாரின் அஸ்தியை வேறெங்கும் வைக்காமல், பேத்தியின் வீட்டுத் துணி அலமாரியில் ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தனர். இணையத்தின் வழி விடுத்த முறையீட்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். பிரதிநிதிகள் அவையில், அமெரிக்கப் பெண்களுள் முதன்முதலாகப் போர் விமானத்தைக் களத்தில் செலுத்தியவரான மார்த்தா மெக்சாலி மசோதாவைக் கொணர்ந்தார்; செனட்டில் பார்பரா மிகுல்ஸ்கியும் ஜோனி எர்ன்ஸ்டும் கட்சி வேற்றுமை பாராது கைகோத்தனர். 2016 மே 20-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒபாமா கையொப்பமிட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், அலமாரியில் ஓராண்டுக்கு மேல் இருந்த கலசம் படை மரியாதையுடன் ஆர்லிங்டன் மாடத்துள் வைக்கப்பட்டது.

சட்டத்தின் சொற்கள் இம்முறையும் அளந்தே வைக்கப்பட்டிருந்தன. எரியூட்டிய சாம்பலுக்கு மாடத்தில் இடம் உண்டு. உடலை மண்ணில் அடக்கம் செய்யும் உரிமையை அது தரவில்லை. எனினும் பயன் வாஸ்ப் பெண்களோடு நிற்கவில்லை. 1977 சட்டத்தின்படி 'படைப்பணி ஆற்றியோராகக் கருதப்படுவோர்' என்று ஏற்கப்பட்ட ஏனைய குழுவினரையும் அது தழுவியது.

கதை அத்தோடு முடியவுமில்லை. ஆர்லிங்டனில் அடங்கியோர் நான்கு இலட்சத்திற்கும் மேல். எஞ்சிய இடமோ ஓர் இலட்சத்திற்கும் குறைவு என்றும், தகுதியுடையோர் இரண்டு கோடிக்கும் மேல் என்றும் தரைப்படை கணக்கிட்டது. இப்போக்கில் சென்றால் இந்நூற்றாண்டின் நடுவில் தோட்டம் நிரம்பிவிடும். ஆகவே புதிய தகுதி வரைவு ஒன்று 2019-இல் அறிவிக்கப்பட்டு, 2020 செப்டம்பரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. அவ்வரைவின்படி, இருபது ஆண்டுகள் படையில் உழைத்து ஓய்வுபெற்றவர்க்கும், அந்த உழைப்பு ஒன்றை மட்டும் கொண்டு இனி மண்ணில் இடமில்லை, மாடந்தான். சில ஆண்டுகள் பணியாற்றிப் போர்முனை காணாதோர்க்கு மாடமும் அரிது. மாடத்திற்குத் தகுதியுடையோர் பட்டியலில் இரண்டாம் உலகப் போர்க்கால வீரர்கள் ஐயத்திற்கிடமின்றி இடம்பெற்றிருந்தனர். அவர்களோடு, சட்டத்தால் படைப்பணியினராகக் கருதப்படுவோரும் சேர்க்கப்பட்டிருந்தனர்.